வில்: மரம், கல், சட்டம் – செஞ்சியை முன்வைத்துச் சில குறிப்புகள்

செஞ்சியைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் வரலாறுகள் பெரும்பாலும் முற்றுகைகளின் வரலாறுகளே. யாரிடமிருந்து யார், எந்த ஆண்டில் கோட்டையைப் பிடித்தார்கள் என்பதுதான் அவற்றின் கதையாடல். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் நாயக்கர்களிடமிருந்து பீஜப்பூர், 1677இல் சிவாஜி, நீண்ட முற்றுகைக்குப் பின் 1698இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான், 1714இல் தேசிங்கின் சாவு, 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியின் நூலிலிருந்து கோட்டை வாசலில் விற்கிற வழிகாட்டிப் புத்தகம் வரை ஓட்டம் இதுதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அதற்கு வைத்த பெயர் 'இந்தியாவின் மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்'. மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் செஞ்சி மட்டும். மராத்தியர் கையில் இந்தக் கோட்டை இருந்தது 21 வருஷம். அந்த 21 வருஷம் இப்போது இந்த மலைகளுக்குப் பெயராகிவிட்டது. சரி, இருக்கட்டும். யார் பெயரை வைத்தாலும் சுவர் சுவராகத்தான் இருக்கப்போகிறது. சுவருக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இந்தக் கதையாடலில் ஆயுதம் என்றால் துப்பாக்கி, பீரங்கி. மெக்கன்சி சேகரித்த சுவடிகளில் செஞ்சி நாயக்க வம்சத்தைத் தொடங்கிவைப்பவனின் பெயரே துபாகி கிருஷ்ணப்ப நாயக்கன். தெலுங்கில் துபாகி என்றால் துப்பாக்கிதான். வம்சமே வெடிமருந்து வாசனையோடு ஆரம்பிக்கிறது. ஆனால் அதே மலைகளைச் சுற்றி இன்னொரு பெயர் கிடக்கிறது. தென்னார்க்காடு கெசட்டியரைத் தொகுத்த டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல், இந்த மாவட்டத்து இருளர்கள் முக்கியமாகச் செஞ்சி மலைகளை ஒட்டித்தான் இருக்கிறார்கள் என்று எழுதினார். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில், செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்களுக்கு 'வில்லியர்' என்றும் பெயர் என்ற குறிப்பு வருகிறது. வில்லியர், அதாவது வில்லுக்காரர்கள். கோட்டைக்குள்ளே துப்பாக்கியின் பெயரில் ஒருவன். வெளியே, மலையடியில், வில்லின் பெயரில் ஒரு சனம். முன்னதைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. பின்னதற்கு ஒரு கெசட்டியர் பத்தி.

வில்லியர் என்ற பெயர் இருக்கிறது, வில்லைக் காணோம். அது எங்கே போயிற்று, யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், ஏன் செய்வதை நிறுத்தினார்கள் என்று கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்புகளின் நோக்கம். எயினர்தான் வேட்டுவர், வேட்டுவர்தான் இருளர் என்று நேர்க்கோட்டில் வம்சாவளி எழுத நான் வரவில்லை. அந்த மாதிரி வம்சாவளிகள் ராஜாக்களுக்குத்தான் தேவைப்படும்.

*

'சிலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் சிலை என்றால் வில். வில் செய்ய உதவிய ஒரு மரத்துக்கும் சிலை என்றே பெயர். வடமொழியின் 'சிலா'விலிருந்து வந்த இன்னொரு சிலை உண்டு: கல், கல்லில் செதுக்கிய உருவம். இன்று தெருவில் யாரிடமாவது சிலை என்று சொன்னால் கல்தான் ஞாபகத்துக்கு வரும். மரமும் வில்லும் அகராதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. சொல் ஒன்று, உள்ளே ஒரு பொருள் இன்னொன்றை மூடிவிட்டது.

இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் செஞ்சி வட்டாரத்தில்தான் மண்டகப்பட்டு இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்து, வடமொழியில் ஒரு கல்வெட்டும் வைத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணச்சாந்து இல்லாமல் மும்மூர்த்திக்குக் கட்டினேன் என்பது அதன் சாரம். கலை வரலாற்றாசிரியர்கள் இதைக் கற்கோயில் கலையின் பெருமிதப் பிரகடனமாக வாசிப்பார்கள். கொஞ்சம் திருப்பியும் வாசிக்கலாம். அதுவரை மனிதர்கள் கையால் செய்துவந்த பொருள்கள் எவை என்பதற்கான பட்டியல் அது. மரம் அந்தப் பட்டியலில் 'இல்லாமல்' என்கிற சொல்லோடுதான் கல்லில் ஏறுகிறது. அழியாதது ஆட்சியாளனுடையதாகவும் அழிவது மற்றவர்களுடையதாகவும் பிரிக்கப்படுவதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன ஆவணம் வேறு என்ன இருக்கிறது?

மரத்தில் செய்த வில் மக்கிப்போகும். கறையான் தின்னும். நார்க்கயிறு அதற்கு முன்பே போய்விடும். அம்பின் முனையிலிருக்கும் இரும்பாவது அகழாய்வில் கிடைக்கும். வில் கிடைக்காது. ஆகவே வில்லைப் பார்க்கக் கல்லிடம்தான் போகவேண்டியிருக்கிறது. திருவண்ணாமலையைத் தாண்டிச் செங்கத்தில், பல்லவர் காலத்து நடுகற்கள் வரிசையாகக் கிடைத்தன. 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. தொறு மீட்கப்போய்ச் செத்தவன் நிற்கிறான். ஒரு கையில் வாள், மறு கையில் வில். அரசன் பெயர், ஆட்சியாண்டு, செத்தவன் பெயர், யாருடைய சேவகன் என்பது எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. சோழர் கல்வெட்டுகளின் படைப் பெயர்களிலும் 'வில்லிகள்' உண்டு. எய்தவனுக்குப் பெயர் உண்டு. செய்தவனின் பெயர் நான் பார்த்தவரை எங்கும் இல்லை.

வெண்கலத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். சோழர் காலத்து இராமர் படிமங்கள் பலவற்றில் இடக்கை உயர்ந்து எதையோ பற்றியிருக்கும், கைக்குள் ஒன்றுமிருக்காது. வில்லைத் தனியாகச் செய்து பொருத்துவது வழக்கம். தனியாகச் செய்தது தனியாகவே தொலைந்தும் போயிற்று. அருங்காட்சியகத்தில் நின்று பார்க்கிறவர்கள் அந்த விரல்களின் நளினத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

*

எழுத்தில் செய்முறை இல்லாமல் இல்லை. அர்த்தசாஸ்திரம் ஆயுதசாலையைப் பற்றிப் பேசுமிடத்தில் நான்கு வகை வில்லைச் சொல்கிறது: பனையில் செய்தது, மூங்கிலில் செய்தது, மரத்தில் செய்தது, கொம்பில் செய்தது. நாணுக்கு மூர்வை, எருக்கு, சணல், மூங்கில் நார், விலங்கின் தசைநார் என்று ஒரு வரிசை. பனை, எருக்கு, மூங்கில். செஞ்சிச் சாலையில் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரிகிற சாமான்கள். இதே வட்டாரத்துப் பனைமலையில் இராஜசிம்மப் பல்லவன் கட்டிய கோயிலின் சாமிக்குத் தாலகிரீஸ்வரர் என்று பெயர். தாலம் என்றால் பனைதான். நம் கண் முன்னே நிற்கிற மரத்தை வடமொழி வழியாகச் சுற்றிவந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழில் பெரும்பாணாற்றுப்படையைப் பார்க்கலாம். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிய பாட்டு. ஆக, இந்தத் தொண்டை நாட்டுப் பாட்டு. அதில் ஓர் இடையன், முதலில் தீக்கோலால் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகிறான். அது அலுத்துப் போகிறது. குமிழ மரத்தின் உள்ளீடற்ற கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்துக் கட்டி வில்யாழ் ஒன்று செய்து மீட்டுகிறான். என்ன மரம், அதில் எந்தப் பகுதி, என்ன நார், அதை என்ன செய்தான் என்று இத்தனை விவரமும் ஒரு மாடு மேய்ப்பவனின் கைவேலையைப் பற்றியது. அவன் அதைக்கொண்டு யாரையும் கொல்லவில்லை. செஞ்சியின் சரித்திரச் சுவடிகள் முதல் கோட்டையைக் கட்டியவனாக ஆனந்தக் கோன் என்கிற இடையனைச் சொல்கின்றன. ஆடு மேய்க்கப்போன இடத்தில் புதையல் கிடைத்ததாம். இடையன் கோட்டை கட்டினால்தான் சரித்திரத்தில் இடம். கொம்பை வளைத்தால் கிடையாது.

மரல் என்பதை இந்தப் பக்கம் மருள் என்பார்கள். கற்றாழை மாதிரி, ஆனால் மெல்லிசாக, புள்ளிபோட்டு, பாறை இடுக்குகளில் கும்பலாக முளைத்திருக்கும். இதன் இனத்துக்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயருக்கே 'வில்நாண் சணல்' என்றுதான் அர்த்தம்.

பக்கமலைக் காட்டை ஒட்டிய ஓர் இருளர் குடியிருப்பில், அறுபது தாண்டிய ஒரு பெரியவர் எனக்காக ஒரு வில் செய்து காட்டினார். அவருக்கு வருமானம் செங்கல் சூளையிலும், கரும்பு வெட்டிலும், கொல்லைக் காவலிலும். சின்ன வயசில் கம்பங்கொல்லையில் குருவி விரட்ட அவருடைய அப்பா உண்டவில்லு வைத்திருந்தாராம். "இன்னாத்துக்கு சார் இப்ப அது? ரப்பர் போட்ட கவட்ட இருக்குதே, பத்து நிமிசத்துல கட்டிடலாம்" என்றார் முதலில். பிறகு அவருக்கே ஆசை வந்துவிட்டது.

இடித்துப்போட்ட ஓட்டு வீட்டிலிருந்து வந்த பனங்கை ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். அதைத் தட்டிக் கேட்டுப் பார்த்தார். நுனிப்பக்கத்தை ஒதுக்கிவிட்டு அடிப்பக்கத்தை வைத்துக்கொண்டார். பனையில் வைரம் வெளிப்புறம்தான். உள்ளே போகப்போக வெறும் சோறு. ரம்பத்தைத் தொடவே இல்லை. ஆப்பு வைத்து, நீளவாக்கில் நார் போகிற போக்கிலேயே பிளந்தார். அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும், வெட்டுப்பட்ட இடத்தில் வில் முறியும். கருத்த வெளிப்புறத்தை வில்லின் முதுகாக வைத்துக்கொண்டு, உட்புறத்தை மட்டும் அரிவாளால் செதுக்கிக்கொண்டே வந்தார். வளைக்கும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. இழுபடுகிற பக்கத்தில் ஒரு நாரும் அறுந்திருக்கக்கூடாது. சாமானியமான விஷயம்தான், ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு வில்கூடச் செய்ய முடியாது.

நீளம் அவர் நெஞ்சளவு. நடுவில் பிடிக்கிற இடம் தடிமனாக விட்டு, இரண்டு பக்கமும் நுனி நோக்கி ஒடுக்கினார். அதற்குப்பிறகுதான் உண்மையான வேலை. ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மெதுவாக அழுத்தி, வானத்துக்கு எதிரே பிடித்து வளைவைப் பார்க்கிறார். எந்த இடம் வளைய மறுக்கிறதோ அங்கே மட்டும் உடைந்த பாட்டில் கண்ணாடியால் இரண்டு இழுப்பு. மறுபடியும் அழுத்தல், மறுபடியும் பார்வை. அதிகமாக வளைகிற இடத்தைத் தொடமாட்டார். அதைச் சுற்றியுள்ளதைத்தான் குறைப்பார். ஒரு பக்கம் இளைத்தால் மறுபக்கமும் இளைக்க வேண்டும். இப்படியே ஒரு பகல் முழுக்க. அளவுகோல் இல்லை, கணக்கு இல்லை. "கண்ணுக்குத் தெரியும் சார். தெரியலன்னா கைக்குத் தெரியும்." கடைசியில் புங்க எண்ணெய் தடவி நிழலில் சாய்த்து வைத்தார்.

நாண் அவர் செய்யவில்லை. அவர் மனைவி செய்தார். மருள் மடலைக் கல்லின் மேல் வைத்து, மழுங்கிய கத்தியால் சுரண்டி, பச்சைச் சதையை வழித்துப் போட்டால் வெள்ளை நார் நிற்கிறது. அலசி, நிழலில் உலர்த்தி, தொடையில் வைத்து ஒரு பக்கமாகத் திரித்து, இரண்டு புரியைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குகிறார். "வில்லு அவுரு செய்வாரு, நாணு நாந்தான். இது இல்லாங்காட்டி அது இன்னா, வெறும் கொம்பு" என்று சிரித்தார். நாண் என்றால் கயிறு. பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வெட்கமும் நாண். தாலிக்கயிறும் மங்கல நாண். மூன்றையும் ஒரே எழுத்துக்குள் அடைத்தவர்களுக்கு, முதலாவதைச் செய்தவள் யார் என்பது மறந்துபோயிருக்கிறது.

பிரெஞ்சு மானுடவியலாளர் பியர் கிளாஸ்த்ர் 1966இல் பராகுவே காட்டின் குவாயாக்கி மக்களைப் பற்றி 'வில்லும் கூடையும்' என்றொரு கட்டுரை எழுதினார். அங்கே வில் ஆணுடையது, கூடை பெண்ணுடையது. பெண் வில்லைத் தொட்டாலே ஆணின் வேட்டை கெட்டுவிடும் என்று விலக்கு. எந்த ஆணும் தான் கொன்றதைத் தானே தின்னக்கூடாது, அடுத்தவருக்குத்தான் கொடுக்க வேண்டும். அரசு உருவாகாமல் தடுத்துக்கொள்ளும் சமூகங்களைப் பற்றிய கிளாஸ்த்ரின் சிந்தனைக்கு இந்த மாதிரியான கவனிப்புகள்தான் அடிப்படை. ஆனால் வில்லுக்கும் கூடைக்கும் நடுவே அவர் போட்ட கோடு பக்கமலையடியில் செல்லாது. அந்த வில்லில் பாதி அந்த அம்மாவுடையது.

வேலை முடிந்ததும் பெரியவர் நாணைக் கழற்றிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "கட்டியே வெச்சா கூன் உளுந்துடும்."

*

கூன் என்றதும் கம்பராமாயணத்துக் கூனி ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. மந்தரைக்கு இராமன்மேல் அப்படி என்ன வன்மம்? கம்பன் ஒரு காரணம் வைத்திருக்கிறான். சிறுவயதில் இராமன் தன் வில்லிலிருந்து மண் உருண்டையால் அவளை அடித்தான். அதை அவள் மறக்கவில்லை. கூனியின் முதுகில் உண்டை எறிந்த கதை கம்பனுக்கு முன்பே ஆழ்வார் பாடல்களில் வருகிறது. பக்தியில் இது பிள்ளை விளையாட்டு. அந்தப்புரப் பணிப்பெண் ஒருத்தியின் முதுகு எப்படி விளையாட்டுப் பொருளாகிறது என்ற கேள்வி உரைகாரர்களுக்கு எழுவதில்லை. கொல்லையில் குருவி விரட்டுகிற கருவி அரண்மனைக்குள் போனவுடன் ஒரு வேலைக்காரியைக் குறிவைக்கிறது.

உண்டைவில் என்ற அந்தக் கருவி சுவாரசியமானது. இரண்டு நாண்கள். நடுவில் சிறு குச்சி வைத்து அவற்றைப் பிரித்து, மையத்தில் நாரால் ஒரு தொட்டில் பின்னியிருக்கும். புற்றுமண்ணைப் பிசைந்து உருட்டி உலரவைத்த உண்டையை அதில் வைத்து எய்வது. விடும்போது வில் பிடித்த கையைச் சற்றே திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் உண்டை உங்கள் கட்டைவிரலைத்தான் பதம்பார்க்கும். இந்த வில் போய், கவட்டையும் சைக்கிள் ட்யூபும் வந்தபோது, 'உண்டிவில்' என்ற பெயர் ரப்பர்க் கவட்டைக்கு மாறிக்கொண்டது. இங்கேயும் பெயர் மிஞ்சியது, பொருள் போயிற்று.

இன்னொரு வில்லும் இலக்கியத்தில் உண்டு. பெரியபுராணத்துத் திண்ணன். வேடர் தலைவன் மகன் வில் பிடிக்கும் சடங்கைச் சேக்கிழார் விரிவாக, ரசித்து எழுதியிருக்கிறார். ஊர் கூடுகிறது, மலைவாசிகள் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறார்கள். வில் அங்கே ஒரு சமூகத்தின் விழா. காளத்தி மலைக்குப் போன பிறகு அதே வில் கோயில் வாசலில் இரவெல்லாம் காவல் நிற்கிறது. இறைச்சிப் படையலைப் பார்த்து அர்ச்சகர் பதறுகிறார். கண்ணைக் கொடுத்த பிறகுதான் வேடனுக்கு உள்ளே இடம். வேட்டைக்காரனைக் காவல்காரனாக்கி, அப்புறம் பக்தனாக்கி, கடைசியில் சிலையாக்குவது. எந்தச் சிலை என்று சொல்லத் தேவையில்லை.

ஒரே பொருள் கருவியாகவும் ஆயுதமாகவும் இருப்பது பொருளின் குணமல்ல, அது எந்த ஏற்பாட்டுக்குள் வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்று டெல்யூசும் கத்தாரியும் 1980இல் வெளிவந்த 'ஆயிரம் பீடபூமிகள்' நூலில் விவாதிப்பார்கள். இதைப் புரிந்துகொள்ளப் பாரீசுக்குப் போகவேண்டிய அவசியமில்லை, நம் தெருவே போதும். பஞ்சு கொட்டுகிறவர் தோளில் ஒரு பெரிய வில்லோடு தெருத்தெருவாக வருவார். நரம்புக் கயிறு அதிர்ந்தால் கட்டிப்போன பஞ்சு பூவாகப் பிரியும். பழைய தச்சர்கள் துரப்பணத்தைச் சுழற்றியது சின்ன வில்லால். தெற்கே வில்லுப்பாட்டில் வில் வாத்தியம். அதற்கும் வைரம்பாய்ந்த பனையே நல்லது என்பார்கள். இவர்களில் யாரையும் யாரும் வீரன் என்று சொன்னதில்லை.

*

வில் போனதற்குத் துப்பாக்கிதான் காரணம் என்பது பாடப்புத்தக விளக்கம். கோட்டைக்குள் அது பாதி உண்மையாக இருக்கலாம். செஞ்சியை முற்றுகையிட்ட மொகலாயப் படைகளிடம் பீரங்கியும் இருந்தது, வில்லும் இருந்தது. அவர்கள் வில் வேறு சாதி: மரத்தின்மேல் ஒருபுறம் கொம்பும் மறுபுறம் தசைநாரும் பசையால் ஒட்டியது, செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஈரக்காற்றில் பசை இளகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பக்கம் அந்த வில்லை வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம். செஞ்சிக் குன்றுகளில் ஒன்றுக்குச் சக்கிலி துர்க்கம் என்று பெயர். தோலும் நரம்பும் இல்லாமல் எந்தப் படையும் நடக்காது. கேடயம், சேணம், உறை, நாண் எல்லாம் அந்தக் கைகள் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். பீரங்கிக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை வைப்பவர்கள் இந்தக் குன்றின் பெயரை ஏன் என்று கேட்பதில்லை.

ஆனால் மலையடி வில்லைத் துப்பாக்கி கொல்லவில்லை. வெள்ளைக்காரன் கோட்டையைப் பிடித்த பிறகும் நூறு வருஷத்துக்குமேல் யாருக்கும் இடைஞ்சலில்லாமல் அது இருந்திருக்க முடியும். அதை ஆயுதமாக்கியது சட்டம். லிட்டன் வைசிராயாக இருந்தபோது வந்த 1878ஆம் வருஷத்து இந்திய ஆயுதச் சட்டம், ஆயுதம் என்றால் என்ன என்று வரையறுக்கும் பிரிவில் துப்பாக்கி, துப்பாக்கிச் சனியன், வாள், குத்துவாள், ஈட்டி இவற்றோடு வில்லையும் அம்பையும் பெயர் சொல்லியே சேர்த்தது. ஆண்டைக் கவனியுங்கள். சென்னை மாகாணத்தில் 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சம் 1878 வரை நீண்டது. விளைச்சல் இல்லாத ஊரில் முயலும் காடையும் உயிர்காக்கும் உணவு. பஞ்சத்தின் கடைசி வருஷத்தில் பசியாற்றும் கருவி ஆயுதமாகிறது. நான்கு வருஷம் கழித்து, 1882இல், சென்னை வனச் சட்டம். காட்டைக் காப்புக்காடு என்று எல்லை போட்டு, அதற்குள் வேட்டைக்கும் மரம் வெட்டுவதற்கும் தடை. முதல் சட்டம் கையிலிருந்த வில்லைக் கேள்விக்குள்ளாக்கியது. இரண்டாவது சட்டம் வில்லுக்கான மரத்தையும் நாரையும், வில் போகவேண்டிய இடத்தையும் எடுத்துக்கொண்டது.

எல்லோருக்கும் ஒரே சட்டமா என்றால் அதுவும் இல்லை. குடகர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அது விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்து, 2019இல் மறுபடியும் பத்து வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது. நிலமும் விசுவாசமும் உள்ளவன் துப்பாக்கியே வைத்துக்கொள்ளலாம். வில்லியருக்கு அப்படி ஓர் விலக்கு கேட்க யார் இருந்தார்கள்?

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத்தோல் வியாபாரம் நின்று, இருளர்களின் பிழைப்பு இன்னும் சுருங்கியது. 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, விஷம் எடுத்துக் கொடுக்கும் வேலை சில குடும்பங்களுக்குக் கிடைத்தது. அது செங்கற்பட்டுப் பக்கம். செஞ்சிப் பக்கத்தவர்களுக்கு சூளையும் கரும்பும்தான். பெரியவரும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு இரண்டு வருஷம் சூளையில் கிடந்தவர்.

காட்டு உயிர்களைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வில் திரும்பி வரவேண்டும், எல்லோரும் முயல் வேட்டைக்குப் போகவேண்டும் என்பதும் என் கட்சி இல்லை. அப்படி ஒரு ஆதிவாசிக் கனவை ஏற்கனவே நகரத்தில் பலர் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சனத்தின் கையறிவு எந்தெந்தத் தேதியில், எந்தெந்தத் தாளில், யார் கையெழுத்தில் குற்றமாகவும் பிறகு ஞாபகமாகவும் மாறியது என்பதைக் குறித்து வைப்பது வேறு வேலை.

இந்தக் கதைக்கு இப்போதைய நிலவரம் ஒன்றும் உண்டு. புதுச்சேரியில் 2016 வரை பழங்குடிகள் பட்டியல் என்று ஒன்று கிடையாது. அந்த வருஷம் டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. 'இருளர் (வில்லி, வேட்டைக்காரன் உட்பட)' என்று அதில் எழுதியிருக்கிறது. வில்லி என்ற சொல் முதல்முறையாக உரிமைக்கான தாளில் ஏறியது. தமிழ்நாட்டுப் பக்கம் இருளர் பட்டியலில் இருக்கிறார்கள், மிகவும் நலிந்த பழங்குடிகள் ஆறில் ஒன்றாகவும் இருக்கிறார்கள். ஆனால் சாதிச் சான்றிதழ் வாங்குவது ஒரு தனி முற்றுகை. 1989 முதல் பழங்குடிச் சான்றைத் தாசில்தார் தரமுடியாது, கோட்டாட்சியர்தான் தரவேண்டும். அதற்கான விசாரணைகளில் எலி பிடிக்கத் தெரியுமா, பாம்பு பிடிக்கத் தெரியுமா, எந்தக் கருவி வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள் என்பது இந்த மாவட்டத்தில் இருளர்களோடு வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கல்லூரியில் சேரப்போகிற பெண்ணிடம் கேட்கப்படுகிற கேள்விகள் இவை.

பெரியவர் வீட்டிலும் பேத்திக்கு அந்தத் தாள் வரவேண்டியிருந்தது. நான் கிளம்பும்போது வில்லை என்னிடம் கொடுக்காமல், தயக்கத்தோடு கேட்டார்: "சார், இது இங்கியே இருக்கட்டுமா? ஆபீஸ்ல இருந்து விசாரணைக்கு வருவாங்கன்னு சொன்னாங்க. இத்தக் காட்டுனா ஒத்துக்குவாங்களா, இல்ல இதுக்கும் ஒரு கேஸ் போடுவாங்களா?"